எண்ணைப் பார்க்காதே, வித்தியாசத்தைப் பார்!



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பெரிய கம்பெனிகளில் சர்வர் தனியாகவும், டேட்டா வைக்கும் டிஸ்க் பெட்டி தனியாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஃபைபர் கேபிளும் ஃபைபர் சேனல் சுவிட்சும். இந்த அமைப்புக்குத்தான் 'சான்' என்று பெயர். வடக்குப்பட்டு அருகே ஒரு தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் டிரெய்னிங் போனபோது அங்கே கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இன்டர்வியூவில் கேட்டாலும் கேட்பார்கள்.

ப்ரோகேட் சுவிட்சில் 'போர்ட்எர்ஷோ' என்று கட்டளை அடித்தால் ஒரு பெரிய அட்டவணை வரும். போர்ட்டுக்கு ஒரு வரி, வரி முழுக்க எண்கள். முதல் தடவை பார்த்தால் தலை சுற்றும். ஆனால் விஷயம் நம் வீட்டு இ.பி. மீட்டர் மாதிரிதான். மீட்டர் 21,640 காட்டுகிறது என்பதற்காக அத்தனை யூனிட்டுக்கா பணம் கட்டுகிறோம்? போன ரீடிங்கைக் கழித்து மிச்சத்துக்குத்தானே! எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இந்தக் கழித்தல் நன்றாகத் தெரியும். சுவிட்ச் கவுண்டரும் கடைசியாக அழித்த நாளிலிருந்து, அல்லது சுவிட்சை ரீபூட் செய்த நாளிலிருந்து, சேர்ந்துகொண்டே வருகிறது. 2022-இல் வடக்குப்பட்டில் தொல்லியல் துறை குழி தோண்டியபோது அடுக்கு அடுக்காகப் பார்த்துக் காலத்தைச் சொன்னார்கள். கவுண்டரில் அப்படி அடுக்கு கிடையாது. பழசும் புதுசும் ஒரே குவியல்.

இது சின்ன விஷயம் இல்லை. நான் இருந்த வாரத்தில் சர்வர் அடிக்கடி நின்று நின்று ஓடியது. லேபிள் பிரிண்ட் ஆகாமல் லைன் காத்துக்கிடந்தது. ஒரு போர்ட்டில் சி.ஆர்.சி. எர்ரர் 1,846. முந்தின வாரம் அந்தக் கேபிளைத் தொட்டவர் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். உடனே பழி அவர் மேல். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் பேச்சு போய்விட்டது. சீனியர் ஒருவர் மட்டும், "இருங்க சார், ரெண்டு ரீடிங் எடுப்போம்" என்றார். மணியோடு எழுதிவைத்து, 20 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். அதே 1,846. ஒன்றுகூட ஏறவில்லை! வேறொரு போர்ட்டில் 'டிஸ்க் சி3' என்ற எண் மட்டும் 312 கூடியிருந்தது. அங்கே தொங்கியது ஒரு பழைய பேக்கப் சர்வர்.

டிஸ்க் சி3 என்றால் தூக்கி எறியப்பட்ட ஃப்ரேம்கள். ஏன் எறிகிறது? கலர் சோடா வண்டிக்காரர் காலி கிரேட் கொடுத்தால்தான் ஃபுல் கிரேட் இறக்குவார். ஃபைபர் சேனலிலும் அப்படியே. வாங்குகிறவர் "பஃபர் காலி" என்று திருப்பிச் சொன்னால்தான் அடுத்த ஃப்ரேம் போகும். இதற்கு கிரெடிட் என்று பெயர். பேக்கப் சர்வர் காலியைத் திருப்பத் தாமதம் செய்தால் ஃப்ரேம் சுவிட்சிலேயே நிற்கும். அதிகம் நின்றால் (ப்ரோகேட்டில் வழக்கமாக 500 மில்லி செகண்ட்) எறியப்படும். பின்னால் வரிசையில் நிற்கும் மற்ற சர்வர்களின் ஃப்ரேமும் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் குற்றம் ஒரு இடத்தில், அலறல் வேறு இடத்தில்.

கிரெடிட் இல்லாமல் நின்ற நேரத்தை 'போர்ட்ஸ்டாட்ஸ்ஷோ'வில் ஒரு கவுண்டர் எண்ணுகிறது. ஒரு எண்ணுக்கு 2.5 மைக்ரோ செகண்ட். ஆக 4,00,000 என்றால் ஒரே ஒரு செகண்ட்தான், பயப்பட வேண்டாம். 10 நிமிடத்தில் 2,40,00,000 ஏறினால் 60 செகண்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு நேரம் சும்மா நின்றிருக்கிறது. அது பயப்பட வேண்டிய எண்.

சி.ஆர்.சி.க்கு வருவோம். சுவிட்ச் முழு ஃப்ரேமும் வரும்வரை காத்திருப்பதில்லை. வால் வந்து சேருமுன் தலை அடுத்த போர்ட்டில் போய்விடும். சி.ஆர்.சி. இருப்பதோ வால் பக்கம். தவறு தெரியும்போது திரும்ப அழைக்க முடியாது. வாலில் "இது கெட்டது" என்று முத்திரை குத்தித்தான் அனுப்பும். அடுத்த சுவிட்ச் அதை சி.ஆர்.சி. எர்ரரில் மட்டும் எண்ணும். பக்கத்தில் உள்ள 'சி.ஆர்.சி. ஜி_இ.ஓ.எஃப்.' என்ற காலமும் சேர்ந்து ஏறினால்தான் ஃப்ரேம் கெட்டது அந்த லிங்கில். எண் ஏறுவது வாங்கும் போர்ட்டில். ஆனால் அனுப்பும் பக்கத்து எஸ்.எஃப்.பி.யும் காரணமாக இருக்கலாம். முதலில் முனையைத் துடை, அப்புறம் கேபிள், அப்புறம் எஸ்.எஃப்.பி. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. மல்டிமோட் ஃபைபரின் உள்வழி 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. லாரி ஓடும் நம்ம ரோட்டுத் தூசிக்கு அது எம்மாத்திரம்! 'எஸ்.எஃப்.பி.ஷோ'வில் வந்துசேரும் ஒளியின் அளவு தெரியும். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம்.

'என்க் அவுட்' லட்சத்தில் இருந்தால் பதற வேண்டாம். சர்வரை ரீபூட் செய்தாலே அது எகிறும். ஏறிக்கொண்டே இருந்தால் மட்டும் கேபிளைப் பாருங்கள். 16 ஜிகா போர்ட்டிலிருந்து 8பி/10பி போய் 64பி/66பி வந்துவிட்டதால் அங்கே பார்க்க வேண்டிய காலமே வேறு.

கவுண்டரை அழிக்க 'ஸ்டாட்ஸ்கிளியர்' உண்டு. அழிக்குமுன் பழைய எண்ணைச் சேமித்து, தேதி, மணி எழுதிவையுங்கள். பேக்கப் சர்வரின் கார்டை மாற்றிய பிறகு லைன் ஒழுங்காக ஓடியது. கான்ட்ராக்ட் அண்ணன் மறுநாளும் வேலைக்கு வந்தார்.

ஃபைபர் சேனல் சுவிட்ச் விலைக்கு நம் லேபில் எதிர்பார்க்க முடியாது. சிஸ்கோ ஈதர்நெட் சுவிட்ச் இருந்தால் போதும். 'ஷோ இன்டர்ஃபேஸ்' அடித்தால் அதிலும் சி.ஆர்.சி., இன்புட் எர்ரர் எல்லாம் வரும். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங் எடுத்துக் கழித்துப் பாருங்கள்.