ஜீனோவும் அமுதசுரபியும் ஒரே அடுக்கில்

காஞ்சிபுரத்தில் "அறிவியல் புனைகதை இருக்கா?" என்று கேட்டு நூலகத்துக்குள் வருபவர்கள் அபூர்வம். "விறுவிறுன்னு போற மாதிரி ஒண்ணு குடுங்க சார்" என்பார்கள். இல்லையென்றால் பேய்க்கதை. கிளை நூலகம் ஒன்றின் இரவல் மேசையில் பல காலம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், வகையின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது. 'அறிவியல்' என்றதுமே பலருக்குப் பாடப்புத்தகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. 'மிகுபுனைவு' என்றால் இன்னும் தள்ளிப் போகிறார்கள். வந்தவர் எந்த அதிசயத்தோடு ஏற்கெனவே பழகியிருக்கிறார் என்று பார்த்து, அதற்குப் பக்கத்தில் நிற்கும் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

இந்த ஊரில் அப்படிப்பட்ட அதிசயங்களுக்குக் குறைவே இல்லை. திருவெஃகாவில் படுத்திருக்கும் பெருமாள், திருமழிசையாழ்வார் கேட்டுக்கொண்டதற்காகப் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பியவர். தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனை அரசன் நாடு கடத்த, அவன் பின்னால் ஆழ்வாரும், ஆழ்வார் பின்னால் பெருமாளும் போய்விட, ஊர் இருண்டது என்பது கதை. அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம்தான் இன்றைய ஓரிக்கை. இதைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவருக்கு மாயக்கதை புரியுமா என்று சந்தேகப்படவே வேண்டாம்.

அதனால் கோயில் கதைகளில் ஊறிய வாசகருக்கு நான் முதலில் நீட்டுவது மணிமேகலை. நாவல் இல்லைதான். ஆனாலும் நல்ல உரைநடை வடிவம் ஒன்று கையில் கிடைத்தால், தமிழில் இதைவிடச் சிறந்த மாயப் பயணக் கதையை நான் படித்ததில்லை. வேற்றுருக் கொள்ள, வானில் பறக்க, பசியைப் போக்க என்று மூன்று மந்திரங்கள். பேசுகிற தூண்பாவை. எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ நோயால் வாடும் காயசண்டிகை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. பஞ்சத்தில் தவிக்கும் ஒரு நகரத்துக்கு மணிமேகலை வானவழியே வந்து இறங்கி, அங்கே வந்து சேரும் எல்லா உயிர்களுக்கும் உணவளிக்கிறாள். அந்த நகரம் நம் காஞ்சி. இதைச் சொன்னதும் "நம்ம ஊரா சார்?" என்று கேட்காதவர் குறைவு. அந்தக் கேள்வி வந்த பிறகு புத்தகத்தை நான் வற்புறுத்தவே வேண்டியதில்லை.

பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் நெசவாளர்களிடம் வேறு வழி. தெருவில் பாவு நீட்ட முடியாத மழைநாட்களில்தான் அவர்களில் பலர் நூலகத்துக்கு வருவார்கள். பெரியவர் ஒருவர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். "தறியில உக்கார்றவனுக்குக் கம்ப்யூட்டர் கதை எதுக்குங்க?"

அவர் தறியின் தலைமேலேயே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டு, எந்த இழை எழ வேண்டும், எது கீழேயே நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்கிறார்கள். பிரான்சில் 1804-இல் ஜோசப் மரி ஜக்கார் அமைத்த முறை அது. அதே ஓட்டை அட்டையைத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். தறி பூவும் இலையும் நெய்வதைப்போல அந்த இயந்திரம் கணிதத்தை நெய்கிறது என்ற பொருளில் ஏடா லவ்லேஸ் 1843-இல் எழுதினார். கணிப்பொறிக்குத் தறி மூத்த உறவு. இதைச் சொன்னபோது பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த முறை வந்தவர் கேட்டது 'மீண்டும் ஜீனோ'. இரண்டு பாகங்களையும் அருகருகே வைத்திருங்கள் என்பது இதில் நூலகர்களுக்கு என் வேண்டுகோள். முதல் பாகம் முடித்தவரைக் காக்க வைத்தால் அவர் ஆர்வம் ஆறிவிடும்.

'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. பெயருக்கு இரண்டே எழுத்து, ஆளுக்கு ஓர் எண், குழந்தை பெற அரசின் அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்ற சர்வாதிகாரி. அனுமதி கிடைத்த வேளையில் நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். பேசவும் யோசிக்கவும் தெரிந்த ஜீனோ என்ற இயந்திர நாய் அவளுக்குத் துணை. சுஜாதா எட்டத்தில் வைத்த எதிர்காலம் இப்போது நம் காலமாகிவிட்டதால், இளைஞர்கள் இதைச் சரிபார்க்கும் கண்ணோடு படிக்கிறார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று என்னோடு வாதாடுகிறார்கள். நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தருக்குக் கோயில் உள்ள ஊர் இது. ஒவ்வொருவர் கணக்கையும் ஒருவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்ற எண்ணம் எங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கணக்கு ஓர் அரசின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த நாவல் கேட்கும் புதுக் கேள்வி.

பேய்க்கதை கேட்பவருக்குத் தயங்காமல் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கொடுப்பேன். பேய்தான் என்கிறான் வசந்த், விஞ்ஞானம் என்கிறான் கணேஷ். படிப்பவர் எந்தக் கட்சி என்பது கடைசிவரை ஊசலாடும். முடிவை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைப்பது ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. வெ. ஸ்ரீராம் தமிழில் தந்திருக்கிறார், க்ரியா வெளியீடு. தீயணைப்பு வீரர்களுக்குப் புத்தகங்களை எரிப்பதே வேலையாகிவிட்ட உலகம். 1953-இல் வெளிவந்த இந்த நாவலின் முதல் வடிவத்தை பிராட்பரி கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரை மணிக்கு 10 சென்ட் வாடகை கொடுத்துத் தட்டச்சு செய்தார். நூலகத்தில் பிறந்த நாவலை நூலகத்திலிருந்து எடுத்துப் போய்ப் படிப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. தமிழ் வாசகர் இதை வெறும் கற்பனையாகப் படிக்க முடியாது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. இந்த நாவலைக் கொடுக்கும்போது அதையும் இரண்டு வரியில் சொல்லித்தான் கொடுப்பேன்.

இதன் கடைசிப் பகுதியில், ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமந்து திரியும் மனிதர்கள் வருகிறார்கள். அந்த இடம் காஞ்சிபுரத்துக்காரர்களை அசைத்துவிடும். வரதராஜர் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் ஓதிக்கொண்டு நடக்கும் கோஷ்டியைத் தெருவில் நின்று பார்த்தவர்கள் அல்லவா? நாலாயிரமும் மறைந்துபோய், நாதமுனிகள் தேடிச் சென்று மீட்டார் என்ற வரலாற்றை இங்கே சிறுவர்களும் அறிவார்கள். நெஞ்சில் வைத்திருந்தால் நெருப்பு தொடாது என்பது இந்த ஊருக்குத் தெரிந்த செய்தி.

நிறையப் படித்துப் பழகியவருக்கு ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. 1997-இல் வந்தது. ஒரு கற்பனைக் கோயில் நகரம், அதில் பௌத்தரும் வைதிகரும் நிகழ்த்தும் பெருவிவாதம், கடைசியில் அழிவு. பௌத்தமும் சமணமும் வைணவமும் சைவமும் அடுத்தடுத்துத் தழைத்த காஞ்சியில் வாழ்பவருக்கு அதன் தெருக்கள் பழகியவையாகவே தோன்றும். ஆனால் புதிதாக வாசிக்கத் தொடங்குபவருக்கு இதைக் கொடுக்காதீர்கள். அதன் கனத்தில் மிரண்டு, திரும்பி வரவே மாட்டார். அவருக்கு அதே ஆசிரியரின் 'விசும்பு' போதும். நம் மரபின் அறிவுத் துறைகளிலிருந்தே எழும் அறிவியல் சிறுகதைகள், ஒரே மூச்சில் ஒன்றைப் படித்துவிடலாம்.

புத்தகம் திரும்பி வரும்போது "பிடிச்சுதா?" என்று கேட்டால் "நல்லாருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எந்த இடத்துல மூடி வெச்சீங்க?" என்று கேட்கிறேன். தூக்கம் வந்து மூடினாரா, பயந்து மூடினாரா, யோசிக்க மூடினாரா என்பது அந்தப் பதிலில் வந்துவிடும். அடுத்து எதைக் கொடுப்பது என்பதை அதைக்கொண்டுதான் முடிவு செய்கிறேன்.

பிள்ளைகளுக்கு 'பனிமனிதன்'. சிறுவர்மணியில் ஜெயமோகன் எழுதிய தொடர் அது. இமயப் பனியில் தேடல், நடுநடுவே விஞ்ஞானக் குறிப்புகள். இன்னும் சிறியவர்களுக்கு ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்'. இவற்றைச் சிறுவர் பகுதியில் மட்டும் அடைத்து வைக்க வேண்டாம், பெரியவர்கள் கை எட்டும் அடுக்கில் ஒரு பிரதியாவது இருக்கட்டும். மகளுக்கென்று எடுத்துப் போகும் அம்மாக்கள் தாங்கள் முடிக்காமல் திருப்பித் தருவதில்லை.