ஒரே வயரில் டிஷ்ஷும் அன்டெனாவும்

நம்ம லயங்களில் இப்போது பல வீட்டுக் கூரையில் இரண்டு சாமான் நிற்கிறது. ஒன்று, மூங்கிலிலோ பைப்பிலோ கட்டிய பழைய அன்டெனா. மற்றது டிஷ். இரண்டிலிருந்தும் தனித்தனி வயர் இறங்கி, இரண்டு ஓட்டை வழியாகக் காம்பராவுக்குள் வருகிறது. மழை நாளில் அதே ஓட்டை வழியாகத் தண்ணியும் வருகிறது. அதனால் டிஷ் பூட்டிய கையோடு பல பேர் அன்டெனாவைக் கழட்டிப் போட்டுவிடுகிறார்கள். "டிஷ்ஷில்தான் இத்தனை சேனல் வருதே, அது என்னத்துக்கு?" என்று கேட்கிறார்கள்.

கழட்டாதீங்க. காரணம் மழைதான். டிஷ் பிடிக்கிற அலை, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிற செய்மதியிலிருந்து வருகிறது. வீட்டு டிஷ்களில் பெரும்பாலும் அதன் மீடிறன் 10,700 முதல் 12,750 மெகாஹேர்ட்ஸ் வரை. இந்த அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். ஆகவே அடைமழைத் துளிகள் அதைக் குடித்துவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு "சிக்னல் இல்லை" என்று வந்து நின்றுவிடும். அன்டெனாவுக்கு வரும் அலை மிக நீளமானது. மழை அதை அவ்வளவாகத் தொடாது. பேய் மழையில் டிஷ் செத்துக் கிடக்கும்போதும் அன்டெனாவில் உள்ளூர்ச் செய்தி வரும்.

மலைநாட்டில் இது சின்ன விசயம் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை டீவிச் செய்தியில் சொல்லப்படுவது இப்படிப்பட்ட மழை நாளில்தான். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களின் மேல் மண் சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இந்தியச் சேவை டிஷ்களில் நம்ம நாட்டுச் செய்தியே வராது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். (கரண்டு போய்விட்டால் டீவியும் இல்லை. பெட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.)

சரி, ஓட்டை ஒன்று, வயர் ஒன்று, ஆனால் இரண்டும் வேலை செய்ய வேண்டும். முடியுமா? முடியும்.

டிஷ்ஷின் முன்னால் கை நீட்டியது போல ஒரு சின்னக் குமிழ் இருக்கிறதே, அதுதான் எல்.என்.பி. செய்மதியின் அலை அப்படியே வயரில் வந்தால் வழியிலேயே தேய்ந்துவிடும். அதனால் எல்.என்.பி. அதை 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரையான அலையாகக் குறைத்து அனுப்புகிறது. அன்டெனாவின் அலையோ 47க்கும் 862க்கும் இடையில். ஒன்று முடிகிற இடத்துக்கு மேலேதான் மற்றது தொடங்குகிறது. ஆகவே ஒரே வயரில் விட்டாலும் ஒன்றோடு ஒன்று கலந்து கெடாது. ஃபெக்டரியில் பி.ஓ.பி.யும் டஸ்ட்டும் ஒன்றாக வந்து விழுந்தாலும் சல்லடை பிரித்துவிடுகிறதே, அதே கணக்கு.

இங்கே சல்லடைக்குப் பெயர் டிப்ளெக்ஸர். கடையில் கம்பைனர் என்றும் சொல்வார்கள். தீப்பெட்டி அளவில் மூன்று வாய் உள்ள சாமான். இரண்டு வேண்டும். ஒன்று கூரைப் பக்கம்: டிஷ் வயரும் அன்டெனா வயரும் அதில் சேர்ந்து ஒரு வயராக இறங்கும். மற்றது டீவிக்குப் பக்கத்தில்: அந்த ஒரு வயர் மறுபடி இரண்டாகப் பிரிந்து, ஒன்று ரிசீவர் பெட்டிக்கும் மற்றது டீவியின் அன்டெனாத் துளைக்கும் போகும். இரண்டும் ஒரே சாமான்தான், திருப்பிப் பூட்டுகிறோம், அவ்வளவுதான்.

கடையில் கவனம். ஸ்பிளிட்டர் என்று இன்னொரு சாமான் இருக்கிறது. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி, விலையும் குறைவு. "இதுவும் அதுதான்" என்று கொடுத்துவிடுவார்கள். பெயரைப் பார்க்காமல் மேலே அச்சடித்த எண்ணைப் பாருங்கள். டிப்ளெக்ஸரில் ஒரு வாய்க்குப் பக்கத்தில் 950-2150 அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடிய எண்ணும், இன்னொரு வாய்க்குப் பக்கத்தில் 5-862 போன்ற எண்ணும் தனித்தனியாக இருக்கும். எல்லா வாய்க்கும் ஒரே எண் என்றால் அது ஸ்பிளிட்டர்.

மாறிப் பூட்டினால் என்ன ஆகும்? பணம் போகும். எல்.என்.பி.க்கு வேண்டிய கரண்டை ரிசீவர் பெட்டிதான் அதே வயர் வழியாக மேலே அனுப்புகிறது, 13 வோல்ட் அல்லது 18 வோல்ட். எந்த வகை அலை வேண்டும் என்பதையும் இந்த வோல்ட்டை மாற்றித்தான் பெட்டி சொல்கிறது. டிப்ளெக்ஸர் இந்தக் கரண்டை டிஷ் பக்கம் மட்டும் விடும், அன்டெனாப் பக்கம் அடைத்துவிடும். ஸ்பிளிட்டர்களில் பல அப்படி அடைக்காது. பல அன்டெனாக்களில் இரண்டு முனையும் உள்ளுக்குள் சேர்ந்தே இருப்பதால், கரண்டு அங்கே போனால் ஷோர்ட். நல்ல பெட்டி என்றால் திரையில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். மற்றது எரிந்து போகும். இன்னும் கடன் கட்டி முடியாத பெட்டியாகவும் அது இருக்கலாம்.

வயர் விசயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பழைய தட்டை வயர் இதற்கு உதவாது. 75 ஓம் ஆர்.ஜி.6 என்று கேட்டு வாங்குங்கள். 20, 25 மீற்றருக்குள் என்றால் பயமில்லை. முனையில் எஃப் கனெக்டர் பூட்டும்போது, வெளியே இருக்கும் வலைக் கம்பியில் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. பூட்டி முடித்துப் படம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கூரைப் பக்க டிப்ளெக்ஸரை இறவாரத்துக்கு உள்ளே, வாய் கீழே பார்க்கப் பூட்டுங்கள். சுவர் ஓட்டைக்கு வெளியே வயரை ஒரு தொங்கலாக வளைத்துவிட்டு உள்ளே எடுத்தால், தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும், காம்பராவுக்குள் வராது.

அன்டெனாவுக்கு பூஸ்டர் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பூஸ்டருக்கும் கரண்டு வயர் வழியாகத்தான் போகிறது. டிப்ளெக்ஸர் அதை அடைத்துவிடும், பூஸ்டர் செத்துவிடும். அதன் பவர் பெட்டியைக் கூரைப் பக்கமே வைத்துச் சமாளிக்கலாம் என்று சில பாஸ்மார் சொல்வார்கள். 230 வோல்ட்டை இறவாரத்து ஈரத்துக்குக் கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. பூஸ்டர் இல்லாமல் படம் வராத இடம் என்றால் இரண்டு வயராகவே இருக்கட்டும்.

பக்கத்துக் காம்பராவோடு பங்கு போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அன்டெனாவைப் போடலாம், அதற்குத்தான் ஸ்பிளிட்டர். டிஷ்ஷை அப்படி முடியாது. இரண்டு பெட்டி ஒரே எல்.என்.பி.க்கு வேறு வேறு வோல்ட் அனுப்பினால் அது யார் பேச்சைக் கேட்கும்? இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. வேண்டும், வயரும் வீட்டுக்கு ஒன்று வேண்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு, ரிசீவர் பெட்டியின் ரிமோட்டில் எவ்வளவு அமர்த்தினாலும் அன்டெனாச் சேனல் வராது. டீவியின் சொந்த ரிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" பட்டனை அமர்த்தி "டீவி" என்பதற்கு மாற்ற வேண்டும். பெரட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஸ்கூல் பிள்ளைகளுக்கும் மட்டுமில்லை, பகலில் வீட்டில் தனியாக இருக்கிற அப்பாயிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். எச்சரிக்கை வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது அவராகத்தான் இருக்கும்.

கூரை வேலை காய்ந்த நாளில் மட்டும். நனைந்த தகரம் வழுக்கும், பழைய அஸ்பெஸ்டோஸ் சீட் மிதித்தால் உடையும். அன்டெனாக் கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கரண்டுக் கம்பியில் படாத தூரத்தில் நிற்க வேண்டும். தூக்கி நிறுத்தும்போதும் அப்படித்தான்.

சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னல் நமக்குத் தெரியும். வானம் கறுக்கும்போதே பிளக்கையும், கூரையிலிருந்து வரும் அந்த ஒரு வயரையும் கழட்டிவிடுங்கள். வயர் ஒன்றாகிவிட்டதால் இனி கழட்டுவதும் ஒன்றுதான். இடி தொடங்கிய பிறகு கை வைக்க வேண்டாம். கழட்டிய வயரைத் திரும்ப எந்த வாயில் பூட்டுவது என்று தடுமாறாமல் இருக்க, அந்த முனையிலும் டிப்ளெக்ஸரில் அது போகும் வாயிலும் ஒரே நிற டேப்பைச் சுற்றி வையுங்கள்.