தூர சைக்கிளோட்டம்: வெயிலை அறிந்து ஓட்டுங்கள்

நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில், தூர சைக்கிளோட்டத்தில் சேர ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். அதற்கு அறிய வேண்டியதைப் பார்ப்போம்.

பிரான்சில் 1891இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்தில் இன்று முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 1,200 கிலோமீற்றரை 90 மணித்தியாலத்துக்குள் முடித்தால் போதும். இவ்வகை ஓட்டத்தின் முதற்படி 200 கிலோமீற்றர். நேரம் 13½ மணித்தியாலம். கணக்குப் பாருங்கள், மணிக்கு சுமார் 15 கிலோமீற்றர்தான். சாப்பாடு, ஓய்வு எல்லாம் அந்த நேரத்துக்குள்தான்.

மலையேறிப் பழகிய காலுக்குச் சமதரை லேசு. ஆனால் குளிரில் வளர்ந்த உடம்புக்கு அந்த வெயில் புதுசு. ஆகவே முதல் இரண்டு கிழமை காலையில் மட்டும் ஓட்டுங்கள். நிலாவெளி போய்வர சுமார் 30 கிலோமீற்றர். பழகியபின் கந்தளாய், ஒரு வழி சுமார் 40. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று போகும்போது முகத்தில் அடிக்கும். பலத்தை அங்கேயே செலவழிக்காதீங்க. முன்பின் விளக்குப் பூட்டி, தலைக்கவசம் போட்டு, விடியுமுன் புறப்படுங்கள்.

ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும். தலை சுற்றினால் நிழலில் இறங்கி விடுங்கள். பேச்சுத் தடுமாறினால் உடம்பில் தண்ணீர் ஊற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். “இன்னும் கொஞ்சத் தூரந்தானே” என்று மிதித்தால் உயிருக்கே ஆபத்து.

பெற்றோரே, பிள்ளை லீவில் வரும்போது இதை வாசித்துக் காட்டுங்க.