கட்டி வைத்த கட்டடமும் வரப்போகிற கம்பனியும்



சம்பளத்துக்கு மறுநாள் டவுனுக்குப் போய் வருகிறவர்கள் கொண்டு வருகிற செய்திகளில் இதுவும் ஒன்று. "பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஷெட் ஒண்ணு கட்டியிருக்காங்க. வெளிநாட்டுக் கம்பனி வருதாம். நம்ம புள்ளைங்களுக்கெல்லாம் வேலையாம்." இந்தப் பேச்சை நாங்கள் பல வருஷமாகக் கேட்டு வருகிறோம். சில இடத்தில் கம்பனி வந்தது, மெசின் ஓடுகிறது. சில இடத்தில் கம்பனி வந்து போய்விட்டது. ஆகவே, ஒரு கம்பனி எதைப் பார்த்து ஓர் ஊருக்கு வருகிறது, கட்டடத்தை முதலில் கட்டி வைத்துவிட்டு ஆளைத் தேடுவது ஏன், அதில் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்பதை இம்முறை கொஞ்சம் ஆறுதலாகப் படிப்போம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஸ்டோரிலிருந்தே ஆரம்பிக்கலாம். தேயிலை ஸ்டோர் ஏன் மலை மேலேயே இருக்கிறது? பறித்த கொழுந்தை நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது. காலையில் பறித்தது அன்றைக்கே வாட்டத்துக்குப் போக வேண்டும். கொழுந்து எங்கேயோ அங்கேதான் ஸ்டோர். துரை மாறலாம், 1992இல் மாறியது போல நிர்வாகமே கம்பனிகள் கைக்குப் போகலாம். ஆனால் ஸ்டோரையும் மலையையும் யாரும் லொறியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

தையல் மெசின் அப்படியில்லை. துணி ஒரு நாட்டிலிருந்து வரும், பட்டன் இன்னொரு நாட்டிலிருந்து வரும், தைத்த சட்டை வேறொரு நாட்டுக்குப் போகும். மெசினுக்கு எந்த ஊர் என்பது கணக்கில்லை. கரண்ட், தண்ணீர், ரோடு, வேலை செய்ய ஆள், தலைக்கு மேல் கூரை இருந்தால் போதும். இந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் அந்த மாதிரிக் கம்பனியை நம் பக்கத்து டவுனுக்கும் கூப்பிட முடிகிறது. அதே சுதந்திரத்தால்தான் அது ஒரு நாள் எழுந்து போகவும் முடிகிறது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று காணி வாங்கி, பத்திரம் பார்த்து, பிளான் பாஸ் பண்ணி, கட்டி முடிக்க ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடும். அதற்குள் அதன் ஓடர் வேறு நாட்டுக்குப் போய்விடும். அதனால் அரசாங்கமோ அபிவிருத்திச் சபையோ முன்கூட்டியே ஒரு பெரிய மண்டபத்தைக் கட்டி வைக்கிறது. உயர்ந்த கூரை, நடுவில் அதிகம் தூண் இல்லாத தளம், மும்முனை மின்சாரம், தண்ணீர்க் குழாய், கழிவு நீர் போக வழி, கொள்கலன் லொறி பின்னால் வந்து ஒட்டி நிற்க ஒரு மேடை. வருகிறவர் வாடகைக்கு எடுத்து, மெசினை இறக்கி, சில மாதத்தில் வேலையைத் தொடங்கலாம். பிடிக்காவிட்டால் பெருநட்டம் இல்லாமல் போகலாம். அவருக்கு இது வசதி. ஊருக்கு என்ன வசதி என்றால், அவர் போனாலும் கட்டடம் நிற்கும், அடுத்தவரைக் கூப்பிடலாம்.

இந்த யோசனையை உலகத்துக்கு நன்றாகச் செய்து காட்டிய ஊர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஷனன். அந்தக் கதை நமக்கும் உதவும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

அந்தக் காலத்து விமானங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரே மூச்சில் கடல் தாண்டச் சக்தி போதாது. ஷனனில் இறங்கி எண்ணெய் நிரப்பித்தான் போகும். இறங்கிய பயணிகளுக்குச் சாப்பாடு, கடை என்று ஊருக்குப் பிழைப்பு ஓடியது. அங்கே உணவுச்சாலையை நடத்திய பிரெண்டன் ஓ'ரீகன் என்பவர் 1947இல் தீர்வையில்லாத கடை ஒன்றைத் திறந்தார். விமான நிலையங்களில் இன்று நாம் காணும் தீர்வையற்ற கடைகளுக்கெல்லாம் அதுதான் முதல் கடை. சவூதிக்கும் துபாய்க்கும் போய் வந்த நம் பெண்கள் சொக்கலட் வாங்கி வருகிற அதே மாதிரிக் கடைதான்!

1950களின் கடைசியில் ஜெட் விமானம் வந்தது. அதற்கு நடுவில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஷனனுக்கு மேலால் பறந்து போய்விடும். ஊரே படுத்துவிடும் என்ற நிலை. அந்தப் பகுதியில் ஏற்கெனவே பிழைப்பில்லாமல் பிள்ளைகள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். "விமானம் தானா வராட்டி, அதில ஏத்துற சாமானை நாமே செய்வோம்" என்பது போல ஓ'ரீகனும் அவரோடு இருந்தவர்களும் யோசித்தார்கள். 1959இல் அரசாங்கம் இதற்கென்று ஓர் அபிவிருத்தி நிறுவனத்தை அமைத்தது. விமான நிலையத்தை ஒட்டி வாடகைத் தொழிற்சாலைகளை எழுப்பினார்கள். அந்த வலயத்துக்குள் மூலப்பொருள் தீர்வையில்லாமல் வரலாம், செய்த பொருள் தீர்வையில்லாமல் போகலாம். ஏற்றுமதி லாபத்துக்கு வரி விலக்கு. பிறகு வெளிநாடுகளுக்குப் போய்க் கம்பனிகளைத் தேடினார்கள். கட்டி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டுக் காத்திருக்கவில்லை.

வந்தவர்களில் எல்லோரும் தங்கவில்லை. ஆனால் 1960களின் தொடக்கத்தில் வந்த தொழிற்சாலை வைரத் தொழில் இன்றும் அங்கே இருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வைரம் கையளவு, விலையோ பெரிது. விமானத்தில் ஏற்றினாலும் கட்டும். ஊருக்கு எது இருக்கிறதோ அதற்குப் பொருந்துகிற தொழிலைக் கூப்பிட்டால்தான் அது தங்கும். விமான நிலையத்துப் பக்கத்தில் செங்கல் சூளைக்கு வேலையில்லை.

இன்னொன்றும் செய்தார்கள். எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அதுதான். தொழிலாளிக்கு வீடு கட்டினார்கள். வேலைக்கு வருகிறவன் எங்கே தூங்குவான், அவன் பிள்ளை எங்கே படிக்கும் என்று யோசித்து, தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு புதிய ஊரையே திட்டமிட்டு எழுப்பினார்கள். ஷனன் நகரத்தில் இன்று சுமார் 10,000 பேர் வாழ்கிறார்கள்.

1980இல் சீனாவிலிருந்து ஒரு குழு வந்து ஷனனைப் பார்த்துப் படித்துவிட்டுப் போனது. அதில் ஒருவர் பின்னாளில் சீன ஜனாதிபதியான ஜியாங் ஸெமின். அதே வருஷம் சீனாவின் ஷென்ஸென் விசேட வலயம் தொடங்கியது.

நம் நாடு சீனாவுக்கு இரண்டு வருஷம் முந்திவிட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அதுவும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். அதன்பின் பியகம, கொக்கல, மலைப் பக்கம் கண்டி பல்லேகல, நம் றோட்டின் அடியில் அவிசாவளை சீதாவக்க என்று வந்தன. 1978இல் அமைத்த ஆணைக்குழுதான் 1992இல் முதலீட்டுச் சபையாக மாறியது. அதே 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமப் பகுதிகளுக்குக் கொண்டு போகும் திட்டத்தை ஆரம்பித்தார். முதலாளிமார் கொழும்பை விட்டுக் கிராமத்துக்கு எதற்கு வருவார்கள்? அப்போது அமெரிக்காவுக்கு ஆடை அனுப்ப நாட்டுக்கு நாடு கோட்டா இருந்தது. கிராமத்துக்குப் போகிறவருக்கு அந்தக் கோட்டாவில் பங்கு கொடுத்தார்கள். அதாவது கம்பனி நம் முகத்தைப் பார்த்து வரவில்லை, கோட்டாவைப் பார்த்து வந்தது.

2005 ஜனவரி முதலாம் திகதி உலகம் முழுவதும் அந்தக் கோட்டா முறை முடிந்தது. கோட்டாவுக்காக வந்தவர்கள் பலருக்குத் தூர ஊரில் இருக்கக் காரணம் இல்லாமல் போனது. அதே வருஷம் ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை கிடைத்தது. 2010இல் அதை நிறுத்தினார்கள், 2017இல் மறுபடியும் கொடுத்தார்கள். எங்கேயோ ஒரு மேசையில் ஒரு கையெழுத்து விழுந்தால் இங்கே ஒரு லைனில் ஓவர்டைம் நின்றுவிடும். தேயிலை விலை விழுந்தால் என்ன நடக்கும் என்று அறிந்த நமக்கு இது புதுசில்லை.

சரி, ஹட்டன், தலவாக்கலை மாதிரி ஓர் ஊருக்குக் கம்பனி ஆள் ஒருவர் பார்க்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தை ஐந்து நிமிஷம் பார்ப்பார். மீதி நேரம் ரோட்டைப் பார்ப்பார். கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளில் நாற்பதடிக் கொள்கலன் எப்படி இறங்கும், மண் சரிந்தால் எத்தனை நாள் பாதை மூடும், துறைமுகத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பார். கரண்ட் எத்தனை தடவை போகும் என்பார். ஓ.எல். படித்த பிள்ளைகள் எத்தனை பேர், நாளைக்கு வா என்றால் அடையாள அட்டையோடு வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பார். ரோட்டை நாம் நேராக்க முடியாது. ஆனால் கடைசிக் கேள்விக்குப் பதில் நம் கையில் இருக்கிறது. பாரமான சாமானுக்கு நம் ஊர் சரிவராவிட்டாலும் இலேசான தையல் வேலைக்கும், கொள்கலனே தேவைப்படாத கணினி வேலைக்கும் சரிவரும். அதற்குப் பிள்ளை சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் பேச வேண்டும், கீ போர்டைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

நம் ஊரில் நடந்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். கட்டுநாயக்கவில் தொழிற்சாலை கட்டினார்கள், வலயம் கட்டினார்கள். ஷனனில் செய்தது போலத் தொழிலாளிக்கு ஊர் கட்டவில்லை. தூரத்திலிருந்து வந்த இளம் பெண்கள் சுற்றுவட்டாரத்துப் போர்டிங் அறைகளில் நெருக்கிப் படுத்து, சம்பளத்தில் ஒரு பங்கை வாடகைக்குக் கொடுத்தார்கள். லயத்தை விட்டுப் போன பிள்ளை இன்னொரு லயத்தில் போய் இருந்த மாதிரித்தான். அதனால்தான் பக்கத்து டவுனில் ஒரு கட்டடம் வருவதை நாங்கள் அவ்வளவு பெரிதாக நினைக்கிறோம். காலையில் போய் மாலையில் அம்மாவிடம் வந்து சேருகிற வேலை, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கையில் மிஞ்சும். கட்டடம் கட்டுகிறபோதே பஸ் எத்தனை மணிக்கு, ஷிப்ட் முடிந்தபின் பிள்ளைகளைத் தோட்டத்துச் சந்தி வரை யார் கொண்டு வந்து விடுவார் என்று பிரதேச சபையிடமும் கம்பனியிடமும் கேட்க வேண்டும். திறந்தபின் கேட்டால் பதில் வராது.

வேலையில் சேர்ந்தபின் கவனிக்க வேண்டியது. சம்பளத்தில் ஈ.பி.எப்.புக்கு 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஈ.டி.எப்.புக்கு 3 வீதம் முழுவதும் முதலாளியின் காசு, உங்களிடம் பிடிக்கக் கூடாது. ஐந்து வருஷம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தை மூடி ஆட்களை நிறுத்துவதானால் தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "நாளையிலருந்து வராதீங்க" என்று கேற்றில் வைத்துச் சொல்வது சட்டமில்லை. வாடகைக் கட்டடத்துக் கம்பனியிடம் இது முக்கியம். ஏனென்றால் அவரிடம் பிறகு பிடித்து வைக்க மெசினைத் தவிர ஒன்றும் இருக்காது, மெசினும் இராத்திரியோடு இராத்திரியாகப் போய்விடலாம்.

எங்களிடம் வந்த ஒரு பிள்ளையின் காரியத்தைச் சொல்லி முடிக்கிறோம். ஆறு வருஷம் ஒரு கார்மென்டில் தைத்தாள். அது மூடப்பட்டது. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் ஈ.பி.எப். பணத்தை எடுக்கலாம் என்பதால், கல்யாணம் பேசி முடித்ததும் தொழில் காரியாலயத்துக்கு விண்ணப்பம் கொண்டு போனாள். திருப்பி அனுப்பினார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் வந்து வேறொரு எழுத்து, கம்பனிப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதும்போது மூன்றாவதாக ஒரு பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று காட்டக் கிராம உத்தியோகத்தர், சமாதான நீதவான், தொழில் காரியாலயம் என்று பதினொரு மாதம் அலைந்தோம். கம்பனி இருந்திருந்தால் ஒரு கடிதத்தோடு முடிந்திருக்கும். பணம் வந்தது, ஆனால் கல்யாணம் கடனில் நடந்து முடிந்திருந்தது.

ஆகவே, வேலைக்குப் போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த மாதம் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரையும் அங்கத்துவ இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கம்பனி இருக்கும்போதே திருத்தலாம். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் சம்பள நாளுக்கு அடுத்த நாள் நலன்புரி அறைக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.