கணிப்பொறிக் கணக்கில் நேரம் மிச்சம்: டாலி வைத்திருப்போருக்குச் சில விரல்பழக்கங்கள்

கல்வராயன் மலையில், கரியாலூர் போன்ற ஊரில் மளிகைக் கடை நடத்துவோரின் காலை நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சரக்கு வண்டி மலையேறி வந்து நிற்கிறது. ஓட்டுநர் கொள்முதல் பில்லை நீட்டுகிறார். ஒரு அம்மா அரைக் கிலோ சர்க்கரைக்குக் காத்திருக்கிறார். மரவள்ளி விற்ற பணத்தோடு ஒருவர் பழைய பற்றை அடைக்க வந்திருக்கிறார். விடுதிச் சமையல்காரர் நேற்று வாங்கிய அதே சரக்கை இன்றும் கேட்கிறார். நாமோ கணிப்பொறியின் முன் உட்கார்ந்து, மவுஸை நகர்த்தி, எந்தக் கட்டத்தில் எதைத் தட்டுவது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதனால்தான் நம்மில் பலர் "டாலி நமக்கு ஒத்துவராது" என்று சொல்லி, மாதக் கடைசியில் பில்களைக் கட்டாகக் கட்டிக் கீழே அனுப்பிவிடுகிறோம். வரிக் கணக்கு எப்படியோ தாக்கலாகிவிடுகிறது. ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்றால் நோட்டைப் புரட்டுகிறோம். வரி எவ்வளவு என்றால் ஆடிட்டர் முகத்தைப் பார்க்கிறோம். நம் கடைக் கணக்கு நம் கையில் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் மேசையில் தூசி படிந்து கிடக்கிறது.

டாலி கணக்காளர்களுக்காக மட்டும் பிறந்ததல்ல. பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திரப் பாகங்களும் விற்றுவந்த வணிகர் ஷியாம் சுந்தர் கோயங்கா. தம் கணக்கைப் பார்க்கத் தகுந்த மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் நிறுவனம் தொடங்கியது. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த நாள் கணிப்பொறிகளில் மவுஸ் அரிது. ஆகவே எல்லாமே விசைப்பலகையில் நடக்கும்படி அமைத்தார்கள். 2020 நவம்பரில் வந்த டாலி பிரைம் வரை அந்தக் குணம் மாறவில்லை. மவுஸை ஓரமாக வைத்துவிட்டால் டாலி நமக்கு இணக்கமாகிவிடும். அது நம் கணிப்பொறியிலேயே இயங்குவது. பில் போடுவதற்கு இணையம் தேவையில்லை. மலையில் சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் இது சிறிய சௌகரியமல்ல.

விசைகள் நூற்றுக்கு மேல் உண்டு. அத்தனையும் அச்சிட்டு ஒட்டினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. கடைக்காரர் நாளெல்லாம் அழுத்துவது நான்கே: விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9, பணம் வந்தால் எஃப்6, பணம் கொடுத்தால் எஃப்5. வங்கியில் ரொக்கம் கட்டினாலோ எடுத்தாலோ எஃப்4. இவை பழைய இ.ஆர்.பி. 9-இலும் புதிய பிரைமிலும் ஒன்றே. மடிக்கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிலவற்றில் இந்த விசையை அழுத்தினால் திரை வெளிச்சம்தான் கூடும், குறையும். அப்போது கீழே மூலையில் உள்ள எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்துங்கள். டாலி கெட்டுவிட்டது என்று ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

அடுத்தது ஆல்ட்-சி. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது புது வாடிக்கையாளரோ புதுச் சரக்கோ வந்துவிட்டால், பாதி பில்லைக் கலைத்துவிட்டு வெளியே போய்ப் பெயரைச் சேர்த்துவிட்டுத் திரும்ப வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர் கேட்கும் இடத்திலேயே ஆல்ட்-சி அழுத்தினால் புதுக் கணக்கு அங்கேயே திறக்கும். முடித்ததும் பில் விட்ட இடத்தில் நிற்கும். தொகை எழுதும் இடத்தில் இதே விசை கால்குலேட்டராக மாறும். ஏற்கெனவே உள்ள கணக்கில் திருத்தம் வேண்டுமானால், பெயர்மேல் நின்று கண்ட்ரோல்-என்டர். அவசரத்தில் ஒன்று தவறிப்போகும்: புதுக் கணக்கை எந்தக் குழுவில் வைப்பது என்று டாலி கேட்கும்போது, கடன் வாங்குவோருக்கு 'சன்ட்ரி டெப்டார்ஸ்', நமக்குச் சரக்குக் கொடுப்போருக்கு 'சன்ட்ரி கிரெடிட்டார்ஸ்' என்று சரியாகக் கொடுங்கள். இங்கே மாறினால் வரவேண்டிய பாக்கிப் பட்டியலில் அந்த ஆளே இருக்க மாட்டார்.

இனி, நாம் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருவோம். மலைக் கடையில் பற்று என்பது ஒரு வாரக் கடன் அல்ல. மரவள்ளி விளைந்து கிழங்கு பிடுங்க ஒன்பது, பத்து மாதம் ஆகும். அதுவரை உப்பு, எண்ணெய், அரிசி எல்லாம் கணக்கில் போகும். அந்தக் கணக்கில் ஒருவர் பற்று இன்னொருவர் பேரில் ஏறிவிட்டால், போவது பணம் மட்டுமா? பத்து மாதத்துக்குப் பிறகு "நான் இதை வாங்கவே இல்லை" என்று அவர் சொல்லும்போது நம்மிடம் பதில் இருக்காது. உறவே முறிந்துவிடும்.

இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது? ஒரே பெயரில் ஊருக்கு நான்கு பேர் இருப்பதில். டாலி ஒரே பெயரை இரண்டு முறை ஏற்காது. கடைப் பையன் என்ன செய்வான்? 'ராமசாமி 1', 'ராமசாமி 2' என்று போட்டுவிடுவான். எந்த ராமசாமி எந்த எண் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அவன் வேலையை விட்டுப் போனால் அதுவும் தெரியாது. நமக்குத் தெரிந்த ஒரு கடையில் இப்படித்தான் நடந்தது. சேராப்பட்டுக்காரர் கட்டிய பணம் மாவடிப்பட்டுக்காரர் கணக்கில் வரவாகி, இரண்டு பேரும் கடை வாசலில் நின்ற பிறகுதான் தவறு தெரிந்தது.

இதற்கு டாலியிலேயே வழி இருக்கிறது. கணக்கின் பெயருக்குக் கீழே 'ஏலியாஸ்' என்று ஒரு இடம் உண்டு; மாற்றுப் பெயர் என்று கொள்ளலாம். பெரும்பாலோர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பெயரை 'ராமசாமி - இன்னாடு' என்று ஊரோடு எழுதுங்கள். மாற்றுப் பெயரில் அவருடைய பழைய பற்று நோட்டின் பக்க எண்ணைப் போடுங்கள். நம் பற்று நோட்டில் 47-ஆம் பக்கம் அவருடையது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இனி பில்லில் 47 என்று அடித்தாலே அவர் கணக்கு வந்து நிற்கும். சரக்குக்கும் இதையே செய்யலாம். துவரம்பருப்புக்கு ஒரு எண், சோப்பு வகைக்கு வரிசையாக எண்கள். ஒரு பெயரை முழுதாக அடிக்கும் நேரத்தில் மூன்று சரக்கு ஏறிவிடும். டாலி வந்த புதிதில் அதன் பெருமையே, மற்ற மென்பொருள்களைப் போலக் குறியீட்டு எண் கேட்காமல் பெயரிலேயே கணக்கு எழுதலாம் என்பதுதான். அதே டாலியில் நாமாக எண் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். ஆனால் இது நமக்கு ஏற்கெனவே மனப்பாடமான எண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து இருநூறு பெயருக்கு இதைச் செய்துவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு பில்லிலும் பலன் தெரியும்.

பில் பாதியில் இருக்கும்போது "என் பாக்கி எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால் பிரைமில் ஆல்ட்-ஜி அழுத்துங்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்கும். பேரேட்டைத் திறந்து அவர் கணக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டு எஸ்கேப் அழுத்தினால் பாதி பில் அப்படியே காத்திருக்கும். இ.ஆர்.பி. 9 வைத்திருப்போருக்கு இந்த விசை இல்லை. பிரைமுக்கு மாற இது ஒன்றே போதுமான காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கடைமுனையில் உட்காருகிறவருக்கு இது நல்ல காரணம்.

விடுதி, டீக்கடை போல நாள்தோறும் ஒரே சரக்கு வாங்குவோருக்கு, நாள்வழிப் பட்டியலில் நேற்றைய பில்மேல் நின்று ஆல்ட்-2. நகல் பில் வந்துவிடும். தேதியையும் அளவையும் பார்த்துவிட்டே சேமிக்க வேண்டும்.

தேதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ட்ரோல்-ஏ அழுத்தினால் மீதிக் கட்டங்களைத் தாண்டி பில் உடனே சேமிக்கப்படும். வேகத்துக்கு இதைவிட நல்ல விசை இல்லை. இதைவிட ஆபத்தானதும் இல்லை. டாலியைத் திறந்ததும் அது கடைசியாகப் பதிவு செய்த தேதியிலேயே நிற்கும். நேற்று 31-ஆம் தேதி கடையை மூடினோம். இன்று 1-ஆம் தேதி திறந்து மளமளவென்று பில் போட்டால், இன்றைய விற்பனை எல்லாம் போன மாதத்தில் விழும். மாதந்தோறும் தாக்கல் செய்வோர் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அதில் தொகை தவறினால் பிறகு திருத்துவது எவ்வளவு தொல்லை என்று பட்டவர்கள் அறிவார்கள். ஆகவே கடை திறந்ததும் முதல் வேலை எஃப்2. நாளை மட்டும் எண்ணாக அடித்தால் போதும், மாதத்தை டாலி சேர்த்துக்கொள்ளும். மாதம் பிறந்த அன்று மட்டும் மாதத்தையும் சேர்த்து அடியுங்கள். ஊதுவத்தி ஏற்றுவதுபோல இதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தவறான பில்லை நீக்குவதற்கு ஆல்ட்-டி என்று பலர் சொல்லிக் கொடுப்பார்கள். விற்பனைப் பில்லுக்கு அது வேண்டாம். ஆல்ட்-எக்ஸ் அழுத்தி ரத்து செய்யுங்கள். ரத்தான பில்லின் எண் அப்படியே நிற்கும், தொகை மட்டும் இருக்காது. அழித்துவிட்டாலோ, தானாக எண் போடும் முறையில் பழைய எண்ணைக் காக்கும்படி அமைத்திராவிட்டால், பின்னால் உள்ள பில்களின் எண்கள் மாறிவிடக்கூடும். வாடிக்கையாளர் கையில் உள்ள தாளில் ஒரு எண், நம் கணக்கில் வேறு எண்! ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் எத்தனை பில் போட்டோம், எத்தனை ரத்து என்று தனியாகவே கேட்கிறார்கள்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வரி விகிதங்கள் மாறியது நினைவிருக்கும். குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், ஷாம்பு, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும், நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கும் வந்தன. சரக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வரியை எழுதி வைத்திருந்தவர்கள் அவை அத்தனையையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. சரக்குக் குழுவில் வரியை வைத்திருந்தவர்களுக்கு 'பிஸ்கட் வகை', 'சோப்பு வகை' என்று சில இடங்களில் மாற்றினால் போதுமானதாக இருந்தது. இதற்கு விசை ஒன்றும் இல்லை; ஆனால் இதைவிடப் பெரிய நேர மிச்சமும் இல்லை. ஒரே வரி உள்ள சரக்கை ஒரே குழுவில் வையுங்கள். சரக்கின் தனிப் பக்கத்தில் வரியை எழுதாதீர்கள். அங்கே எழுதினால் குழுவில் உள்ளது செல்லாமல் போய்விடும்.

சில்லறை விற்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராக இருந்து, தொகை 200 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அவரும் பில் கேட்கவில்லையென்றால், ஒவ்வொன்றுக்கும் தனி பில் வேண்டியதில்லை. நாள் முடிவில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பில்லாகப் போடச் சட்டமே இடம் தருகிறது. அரைக் கிலோ சர்க்கரைக்குக் காத்திருக்கும் அம்மாவை டாலிக்காக நிறுத்தி வைக்க வேண்டாம். ஆனால் பற்றில் போவது பத்து ரூபாயானாலும் அவர் கணக்கில் அன்றே ஏற வேண்டும்.

பழகுவதற்குப் பயந்தால், உரிமம் இல்லாமலே டாலியைக் கல்வி முறையில் திறக்கலாம். மாதத்தில் 1, 2 போன்ற சில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய விடும். விரல் பழக அது தாராளம். பொய்யாக ஒரு கடைப் பெயரைப் போட்டு, வீட்டுப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, ஐம்பது பில் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு விசை என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன அத்தனையும் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

மாலையில் கடை மூடுமுன் ஆல்ட்-ஒய் அழுத்தி, அதில் பேக்கப்பைத் தேர்ந்து, கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போகும், வரும், யு.பி.எஸ். இல்லாத கடையில் ஒரு நாள் கணிப்பொறி திறக்காமலே போகலாம். பென் டிரைவ் இரண்டு இருக்கட்டும். இன்று ஒன்று, நாளை மற்றொன்று. இரண்டையும் கல்லாவில் வைக்காமல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.