கெலவரப்பள்ளித் தண்ணீரில் கீரை போடலாமா?

கேள்வி: ஓசூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். கெலவரப்பள்ளி அணை வாய்க்கால் தண்ணீரில்தான் பாசனம். நுரை வரும் நாட்களில் பாய்ச்சுவதில்லை. தக்காளி, கொத்தமல்லி, பாலக் போடுகிறோம். வீட்டுக் குழந்தைகளும் அதையே சாப்பிடுகிறார்கள். நன்றாகக் கழுவிச் சமைத்தால் போதுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: போதாது. கழுவினால் மேலே ஒட்டிய மண் போகும், கிருமிகளும் குறையும். வேர் வழியாக ஏறியதைக் கழுவ முடியாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் அழியாது.

நுரையை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெங்களூரு கழிவுநீர், அணைக்கு நீர் தரும் தென்பெண்ணை ஆற்றில் கலப்பதால் வரும் அந்த நுரைக்குச் சோப்புத்தூள் ஒரு முக்கியக் காரணம். அதை மண்ணின் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் சிதைத்துவிடும். நான் அஞ்சுவது கழிவுநீரோடு வரக்கூடிய காட்மியம் என்ற உலோகத்துக்கு. ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலும் நின்றுவிடும். காட்மியம் இலை வரை ஏறும், அதிலும் பாலக் அதை நிறையவே இழுக்கும். இலைக் காய்கறியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியம் என்பது சர்வதேச உணவுத் தர விதிகளான கோடெக்ஸின் வரம்பு. தக்காளிப் பழத்துக்குப் போவது இதைவிடக் குறைவு.

உலோகம் மட்டுமல்ல, முறையாகச் சுத்திகரித்த கழிவுநீரிலும் மருந்து எச்சம் தங்குகிறது. கழிவுநீரில் பெரும்பகுதியை விவசாயத்துக்குத் திருப்பும் இஸ்ரேலில், அந்த நீரில் விளைந்த காய்கறிகளை உண்ட ஆரோக்கியமானவர்களின் சிறுநீரில் கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்து தென்பட்டதாக 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. மாத்திரையாக எடுப்பதோடு ஒப்பிட்டால் சொற்ப அளவுதான். ஆனாலும் மருத்துவர் எழுதித் தராத மருந்து அது. வளரும் பிள்ளைகளுக்கு அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது தழை, மணி, சாம்பல் சத்தோடு நிறுத்தாமல் காட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். பாலக் இலையும் ஒரு பிடி கொடுங்கள். மண் அமிலத்தன்மையோடு இருந்தால் காட்மியம் எளிதாக ஏறும்; அப்படியானால் பரிந்துரைத்த அளவில் சுண்ணாம்பு இடலாம். மக்கிய தொழுவுரமும் உலோகத்தைப் பிடித்து வைக்கும்.

முடிவு வரும்வரை அந்த வாய்க்கால் தண்ணீரில் கீரையும் கொத்தமல்லியும் வேண்டாம், வீட்டுக்கும் சரி, சந்தைக்கும் சரி. அதற்குப் பதிலாகப் பூ போடலாம்; ரோஜாவும் செண்டுமல்லியும் உங்கள் ஊருக்குப் புதிதல்ல. தீவனப்புல்லுக்கு மாறிவிடாதீர்கள், மாடு தின்றால் அதுவும் நம் உணவுக்குள்தான் வரும்.

இது உங்கள் தவறு இல்லை. உலோக அளவு வரம்பைத் தாண்டினால், பரிசோதனை அறிக்கையை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். அதே வாய்க்காலில் பாய்ச்சும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.