முதல் பக்கத்து மனிதர்கள்

அரபி நூல்களையும் ஆய்விதழ்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். உள்ளே இருக்கும் கட்டுரையை எப்படியும் பாடுபட்டுச் செய்துவிடுவீர்கள். சறுக்குவது அட்டையிலும் முதல் பக்கத்திலும்தான். அங்கே இருப்பவை பத்துப் பதினைந்து சொற்கள். அவற்றில் பாதி, யாரோ ஒருவர் செய்த வேலையின் பெயர்கள். சொல் தவறினால் அவருடைய உழைப்பு வேறொருவர் கணக்கில் போய்விடும்.

1. 'தஹ்கீக்' என்ற சொல்லில் தொடங்குங்கள். அகராதி 'இன்வெஸ்டிகேஷன்' என்று சொல்லும். அதை நம்பி 'இன்வெஸ்டிகேட்டட் பை' என்று போட்டால் ஆங்கில வாசகர் போலீஸ் விசாரணையை நினைப்பார். தஹ்கீக் செய்பவர் முஹக்கிக். அவர் செய்வது என்ன வேலை? உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணிக்குச் செய்து 1887இல் வெளியிட்டாரே, அந்த வேலை. கிடைத்த சுவடிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, மூலத்தை நிலைநிறுத்துவது. ஆங்கிலத்தில் அவர் 'எடிட்டர்'. அவர் தந்தது 'கிரிட்டிக்கல் எடிஷன்'. அல்ஜாஹிழின் 'அல்ஹயவான்' நூலைப் பதிப்பித்த எகிப்தியர் அப்துஸ்ஸலாம் ஹாரூன், இந்தக் கலையைப் பற்றியே 1954இல் ஒரு நூல் எழுதினார். அதைப் படிக்காமல் இந்தத் தொழிலில் நெடுநாள் இருக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வணிகத்துக்காக அவசரமாக அச்சிட்ட சில நூல்களிலும் 'தஹ்கீக்' என்று இருக்கும். முன்னுரையைப் புரட்டுங்கள். எந்தெந்தச் சுவடிகள், எந்த நூலகம் என்ற விவரம் உண்டா? சுவடிப் பக்கங்களின் படம் உண்டா? அடிப்படைச் சுவடி எது என்று சொல்லியிருக்கிறார்களா? அதை 'அல்அஸ்ல்' என்பார்கள். பத்திர ஆபீசில் நாம் சொல்லும் 'அசல்' அதே சொல்தான். இவை எதுவும் இல்லையென்றால் 'எடிட்டட் பை' போதும். 'கிரிட்டிக்கல்' என்ற சொல்லை உழைத்தவருக்காக வைத்திருங்கள்.

2. 'தஹ்ரீர்' என்றால் விடுதலை. கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தை உலகமே அறியும். ஆய்விதழில் அது பத்திரிகை ஆசிரியர் பணி. 'ஹைஅத்துத் தஹ்ரீர்' என்பது 'எடிட்டோரியல் போர்டு', 'ரஈஸுத் தஹ்ரீர்' என்பவர் 'எடிட்டர் இன் சீஃப்'. பலர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்தவரையும் இதே சொல்லால் குறிப்பார்கள். முஹக்கிக்கும் தஹ்ரீர் செய்தவரும் ஒரே பக்கத்தில் வந்தால் இருவரையும் வெறும் 'எடிட்டர்' ஆக்கிவிடாதீர்கள். சுவடி பார்த்தவர் யார் என்பது தெரிய வேண்டும்.

3. 'தஹ்கீம்' நீதிமன்றப் பக்கத்தில் மத்தியஸ்தம். ஆய்விதழ்ப் பக்கத்தில் 'பியர் ரிவ்யூ'. 'மஜல்லா முஹக்கமா' என்பதை 'ஆர்பிட்ரேட்டட் ஜர்னல்' என்று எழுதியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். 'பியர் ரிவ்யூட்' அல்லது 'ரெஃப்ரீட்' என்று எழுதுங்கள். முஹக்கம் என்றால் மதிப்பீடு செய்யப்பட்டது, முஹக்கிம் என்றால் மதிப்பீடு செய்தவர். உயிர்க்குறி இல்லாமல் அச்சிடும்போது இரண்டும் ஒரே எழுத்துக்கள். வாக்கியம்தான் வழிகாட்டும்.

4. 'தப்ஆ' என்பது நம் 'பதிப்பு' போலத்தான். மூன்றாம் பதிப்பு என்று போட்டிருக்கும், ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அது மறு அச்சு. 'மஸீதா வ முனக்கஹா' என்று சேர்த்துப் போட்டிருந்தால்தான் விரிவாக்கித் திருத்தியது என்று பொருள். முடிந்தால் இரண்டு பதிப்புகளின் பக்க எண்களை ஒப்பிட்டுவிட்டு 'எடிஷன்' என்றோ 'பிரிண்டிங்' என்றோ முடிவு செய்யுங்கள்.

5. ஆய்வேட்டில் 'பாப்' பெரியது, 'ஃபஸ்ல்' அதற்குள் அடங்குவது. அகராதி இரண்டுக்கும் 'சாப்டர்' என்று சொல்லும். இரண்டும் ஒரே நூலில் வந்தால் முதலாவது 'பார்ட்', அடுத்தது 'சாப்டர்'. அதன் கீழே மப்ஹஸ், மத்லப் என்று இறங்கும்.

6. 'புஹூஸ்' பன்மைதான். அதற்காக 'ரிசர்ச்சஸ்' வேண்டாம். 'ஸ்டடீஸ்' என்று எழுதுங்கள்.

7. நூலின் கடைசியில் 'ஃபிஹ்ரிஸ்' என்று இருந்தால் உடனே 'இண்டெக்ஸ்' என்று எழுதாதீர்கள். அரபி நூல்களில் பொருளடக்கம் பல நேரம் கடைசியில்தான் வரும். பக்க எண் வரிசையில் போகிறதா, அகரவரிசையில் போகிறதா என்று பாருங்கள்.

8. பதவிப் பெயர்களில் மிகவும் கவனம் வேண்டும். இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், எகிப்தியப் பெண்மணி ஒருவரின் கட்டுரைக்கு முதல் பக்கம் செய்தேன். 'உஸ்தாத் முஸாஇத்' என்று இருந்ததை யோசிக்காமல் 'அசிஸ்டன்ட் புரொபசர்' ஆக்கினேன். அச்சாகிவிட்டது. அவரிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. அந்தப் பதவிக்காக எத்தனை வருடம் உழைத்தார் என்று மட்டும் எழுதியிருந்தார். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மனம் சுருங்குகிறது. எகிப்தில் படிகள் இப்படி: முஈத், முதர்ரிஸ் முஸாஇத், முதர்ரிஸ், உஸ்தாத் முஸாஇத், உஸ்தாத். முனைவர் பட்டம் முடித்தவர் முதர்ரிஸ். அதற்கு மேலே இருக்கும் உஸ்தாத் முஸாஇத் 'அசோசியேட் புரொபசர்'. சவூதியிலும் ஜோர்டானிலும் அதே சொல் 'அசிஸ்டன்ட் புரொபசர்'. அசோசியேட்டுக்கு அங்கே 'உஸ்தாத் முஷாரிக்' என்பார்கள். முதலில் எந்த நாடு என்று கேளுங்கள்.

9. தேதியும் நாட்டைப் பொறுத்ததுதான். லெபனான், சிரியா, ஈராக் ஆய்விதழ்களில் முதல் கானூன் டிசம்பர், இரண்டாம் கானூன் ஜனவரி. எண்ணை மாற்றிப் படித்தால் வருடமே தவறிவிடும். அல்ஜீரியாவில் ஜனவரியை பிரெஞ்சு வழியில் 'ஜான்ஃபீ' என்பார்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான். ஹிஜ்ரி 1400 என்பது 1979 நவம்பரில் தொடங்கி அடுத்த நவம்பரில் முடிந்தது. மாதம் தெரியாவிட்டால் 1400/1979–80 என்று இரண்டையும் போடுங்கள். ரஜப் என்று இருந்தால் 1980 என்று துணிந்து எழுதலாம்.

10. 'தால்' எழுத்தும் ஒரு புள்ளியும் பெயருக்கு முன்னால் வந்தால் 'டாக்டர்'. நூற்பட்டியலில் அதே தால், 'தா' எழுத்தோடு சேர்ந்தால் 'தூன தாரீக்', அதாவது ஆண்டு இல்லை. 'நூன்' சேர்ந்தால் பதிப்பகம் இல்லை. 'மீம்' சேர்ந்தால் ஊர் இல்லை. 'ரத்மக்' என்று ஒரு சொல் எந்த அகராதியிலும் கிடைக்காமல் உங்களை அலைக்கழிக்கும். அது நான்கு எழுத்துச் சுருக்கம்: ஐ.எஸ்.பி.என்.

11. பெயர்களை எழுத்துப்பெயர்க்க ஒரு முறையைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். ஆனால் உயிரோடிருக்கும் ஆசிரியர் ஆங்கிலத்தில் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே விடுங்கள். ஆய்விதழின் பெயரும் அப்படித்தான்: புத்தகத்தை மறுபுறம் திருப்பினால் பல இதழ்களுக்கு ஆங்கில அட்டை இருக்கும். அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அங்கே இருக்கும்போது நாம் புதிதாகச் சூட்ட வேண்டாம்.

12. மொழிபெயர்ப்பு நூல்களில் 'தர்ஜமா' என்று ஒரு பெயரும், அதன் கீழே 'முராஜஆ' என்று இன்னொரு பெயரும் இருக்கும். இரண்டாமவர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகத் திருத்தியவர். 'ரிவ்யூட் பை' என்று எழுதினால் மதிப்புரை எழுதியவர் ஆகிவிடுவார். 'டிரான்ஸ்லேஷன் ரிவைஸ்ட் பை' என்று எழுதுங்கள். இடம் போதவில்லை என்று பதிப்பகம் அந்த வரியை எடுக்கச் சொல்லும். எடுக்காதீர்கள், எழுத்தின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.